பழைய ஜீப் பிக்கப்பைப் பிள்ளையோடு சேர்ந்து வீட்டிலேயே சீரமைப்பது எப்படி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்து வீடுகளில், பின்கட்டை ஒட்டிய கொட்டகைக்குள் பல ஆண்டுகளாக ஓடாமல் நிற்கும் பிக்கப் வண்டியை வளர்ந்துவரும் பிள்ளையோடு சேர்ந்து சீரமைக்க எண்ணுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். வண்டி ஓட வேண்டும் என்பது மட்டுமே நோக்கமானால் மெக்கானிக்கிடம் ஒப்படைத்துவிடுவதே விரைவான வழி. பிள்ளை தொழிலறிவு பெற வேண்டும் என்பதும் நோக்கமானால், வேலையின் வரிசையையே அதற்கேற்ப அமைக்க வேண்டும். பெரியவர் வேலை செய்ய, பிள்ளை பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் ஏற்பாடு நீடிப்பதில்லை. விரைவிலேயே பிள்ளைக்குச் சலிப்புத் தட்டிவிடும். ஆகவே வண்டியின் ஏதேனும் ஒரு பகுதியை, கழற்றுவது முதல் மீண்டும் பூட்டுவது வரை, முழுவதுமாகப் பிள்ளையின் பொறுப்பில் விட்டுவிடுங்கள். என் மகளுக்கு, காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டரைக் கொடுத்தேன். மேசை மேல் வைத்துச் செய்யக்கூடிய வேலை, உயிருக்கு ஆபத்தில்லாத வேலை, சரியாகச் செய்தால் எஞ்சினின் ஓட்டத்திலேயே பலன் தெரிந்துவிடும் வேலை என்பதால் பதின்வயதினருக்கு அதைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை என்பது என் கருத்து.

இங்கே நான் மனத்தில் வைத்திருப்பது பழைய மகிந்திரா ஜீப்பின் முகப்பும், பின்னால் சரக்குத் தொட்டியும் கொண்ட பெட்ரோல் வண்டி. அதிலுள்ள எஃப்-134 ஹரிக்கேன் எஞ்சின் நான்கு சிலிண்டர்களும் ஏறத்தாழ 2.2 லிட்டர் கொள்ளளவும் உடையது. அதன் இன்லெட் வால்வுகள் ஹெட்டிலும், எக்ஸாஸ்ட் வால்வுகள் பிளாக்கிலும் அமைந்திருக்கும். மின்னணுக் கருவி எதுவும் இல்லாததால், எந்த உறுப்பு எதை இயக்குகிறது என்பதைப் பிள்ளை கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளலாம். உங்களிடம் இருப்பது டீசல் வண்டியானால் எரிபொருள் பம்பை மட்டும் வீட்டில் பிரிக்க வேண்டாம். அதற்கான சோதனைக் கருவி உள்ள பட்டறைக்கே அனுப்ப வேண்டும். பிரேக், துரு, வயரிங், பெயிண்ட் பற்றிச் சொல்பவை டீசல் வண்டிக்கும் பொருந்தும்.

முதலில் காகிதங்கள்

சேஸிஸில் பொறித்த எண்ணை மண் போகத் துடைத்து, மேலே வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுவதையே பிள்ளையின் முதல் வேலையாக வைத்துக்கொள்ளலாம். எண் பொருந்தவில்லை என்றால் அதைத் தீர்க்கும் வரை வண்டிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவிட வேண்டாம். சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கும், அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளுக்கும் செல்லும். சரக்கு வண்டியாகப் பதிவானது என்றால், எட்டு ஆண்டுகள் கடந்த பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். எஞ்சினை மாற்றினாலும் வண்ணத்தை மாற்றினாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்பதால், பழைய வண்ணத்தையே மீண்டும் அடிப்பது வேலையைக் குறைக்கும். 50 ஆண்டுகளைக் கடந்த சொந்தப் பயன்பாட்டு வண்டிகளுக்கென்று 2021இல் தனிப் பதிவு முறை வந்திருக்கிறது. சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றாமல் மூல வடிவிலேயே வைத்திருக்கும் வண்டிகளுக்கு மட்டுமே அது கிடைக்கும். சரக்கு ஏற்றும் வாடகை வண்டிக்குக் கிடைக்காது. பாடியை வெட்டி அழகுபடுத்த எண்ணுபவர்கள் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும்.

பருவமும் இடமும்

நம் பக்கத்தில் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வருவது. அதை வைத்தே ஆண்டைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பள்ளித் தேர்வு முடிந்த கோடை விடுமுறையில், காலை வெயில் ஏறுமுன், பிரிக்கும் வேலையைச் செய்யலாம். பள்ளி திறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பிரேக்கும் எஞ்சினும். மழைக்காலத்தில் கொட்டகைக்குள் அமர்ந்து வயரிங். ஈரப்பதம் குறைந்த தை, மாசியில் பெயிண்ட். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதே மாதங்கள் பொதுத்தேர்வுக் காலமாதலால், அந்த ஆண்டில் பெயிண்டை அடுத்த தைக்குத் தள்ளிவைப்பதே நியாயம்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தில் வண்டியை ஏற்ற வேண்டாம். எண்ணெய்க் கறை அந்தக் கல்லுக்குள் ஊறினால் போகாது. ஜாக்கியின் அழுத்தத்தில் கல் பிளக்கவும் கூடும். கெட்டியான சிமென்ட் தளமே ஏற்றது. ஜாக்கியில் தூக்கிய வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. தூக்கியவுடன் சேஸிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு வைத்து, தோளால் வண்டியைத் தள்ளிப் பார்த்து, அசையவில்லை என்று உறுதியான பிறகே நுழைய வேண்டும். வீட்டில் கிடக்கிறதே என்று செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ முட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. அவை விரிசல் காட்டி எச்சரிக்காமல் நொடியில் நொறுங்கிவிடும். இந்த விதியில் மட்டும் பிள்ளைக்கும் சலுகை கூடாது, பெரியவருக்கும் சலுகை கூடாது.

பிரிப்பதும் குறிப்பதும்

கழற்றும் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று செயல்கள் உண்டு: கழற்றும் முன் படம் எடுப்பது, நட்டு போல்ட்டுகளைச் சிறு பையில் இட்டுப் பெயரெழுதிக் கட்டுவது, நோட்டில் தேதியிட்டு எழுதுவது. நோட்டைப் பிள்ளையே எழுதட்டும். அதில் நீங்கள் கை வைக்க வேண்டாம். மாதங்கள் கழிந்து பூட்டும்போது, "அப்பச்சி, இந்தக் கிளாம்பு உள்பக்கம் வரும், நான் வரைஞ்சு வச்சிருக்கேன்" என்று சொல்லும் உரிமை பிள்ளைக்கு அந்த நோட்டிலிருந்துதான் வருகிறது.

இந்த வண்டியின் நட்டுகள் அங்குல அளவில் இருப்பவை. வீட்டிலுள்ள மில்லிமீட்டர் ஸ்பேனரைக் கொண்டு முயன்றால் தலை வழுக்கி முனை மழுங்கும். ஏன் என்பதைப் பிள்ளையே கணக்கிட்டுப் பார்க்கலாம்: 1/2 அங்குலம் 12.7 மி.மீ.; 13 எண் ஸ்பேனர் அதில் தளர்வாக அமரும். 7/16 அங்குலம் 11.11 மி.மீ.; 11 எண் ஸ்பேனர் நுழையாது. 3/4 அங்குலம் 19.05 மி.மீ.; அதற்கு மட்டும் 19 எண் பெரும்பாலும் பொருந்தும். 7/16, 1/2, 9/16, 5/8, 3/4 அளவுகளில் ரிங் ஸ்பேனர் வாங்கிவிட்டால் பெரும்பகுதி வேலை நடக்கும். பழைய ஜீப் வண்டிகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு இடமரை, அதாவது எதிர்த்திசையில் திருகும் மரை, இருப்பதுண்டு. வழக்கமான திசையில் பலங்கொண்டு திருகினால் அவை இறுகுமே தவிரக் கழலாது. போல்ட்டின் முனையில் ‘எல்’ என்ற எழுத்து இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

துரு

கடற்கரை ஊர்களின் உப்புக்காற்று இங்கே இல்லாததால், செட்டிநாட்டுக் கொட்டகையில் நின்ற வண்டியின் சேஸிஸ் பெரும்பாலும் தேறிவிடும். சேதம் இருந்தால், செம்மண் சேறு அடைந்து ஈரத்தைப் பிடித்துவைத்த இடங்களில்தான் இருக்கும்: சேஸிஸின் உள்மடிப்பு, ஸ்ப்ரிங் பட்டை பூட்டிய இடம், தொட்டியின் அடித்தகடு, கால் வைக்கும் தரையின் மூலைகள். சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். இளையவர்களின் காது இதற்கு மிகவும் ஏற்றது. மந்தமாக ஒலித்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு, வெல்டிங் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பெட்ரோல் டேங்கை மட்டும், காலியாக இருந்தாலும், வீட்டில் வெல்டிங் செய்ய வேண்டாம்; உள்ளே தங்கிய ஆவியே வெடிக்கப் போதும்.

சிறு உறுப்புகளின் துருவை நீக்க மின்பகுப்பு முறையைப் பரிந்துரைக்கிறேன். நம் ஊரில் இதற்குத் தனிப் பொருத்தமும் உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். உலோக அரிப்பைத் தடுப்பது அந்த ஆய்வகத்தின் முக்கியத் துறைகளுள் ஒன்று. அங்கே நடக்கும் ஆய்வின் அடிப்படை வேதியியலைப் பிள்ளை தன் கொல்லைப்புறத்திலேயே காணலாம்.

பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் நிரப்பி, ஐந்து லிட்டருக்கு ஒரு பெரிய கரண்டி வீதம் சலவைச் சோடா கரைத்து, துருப்பிடித்த உறுப்பை நடுவில் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை அதோடு இணைக்க வேண்டும். நேர்முனையைப் பழைய இரும்புத் துண்டோடு இணைத்து, இரண்டும் தொடாதபடி வைக்க வேண்டும். முனைகள் மாறினால் நல்ல உறுப்பே அரிக்கத் தொடங்கும் என்பதால், மின்சாரம் கொடுக்கும் முன் இருவரும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும். இரும்புத் துண்டுக்குப் பதிலாக எவர்சில்வர் தட்டைப் பயன்படுத்தக் கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுப்பொருளாகக் கரைந்து நீரில் கலக்கும். ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். அருகில் நெருப்பு ஆகாது. வாளிக்குள் கை வைக்கும் முன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். ஸ்ப்ரிங் போன்ற கடினப்படுத்திய எஃகு ஹைட்ரஜனால் நொறுங்கும் தன்மை பெறலாம்; அலுமினியம் இந்தக் கரைசலில் அரித்துப்போகும். ஆகவே இவ்விரண்டையும் வாளியில் இடக் கூடாது. இரவு முழுதும் ஊறிய உறுப்பைக் காலையில் தேய்த்துக் கழுவி, வெயிலில் உலர்த்தி, அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும். விட்டுவிட்டால் மாலைக்குள் மீண்டும் செந்துரு படரும்.

பிரேக்

எஞ்சினை ஓட விட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இயல்பானது. எனினும் பிரேக்கை முடித்த பிறகே எஞ்சினுக்குச் செல்லுங்கள். ஓடத் தொடங்கிய வண்டியைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கத் தோன்றாத மனிதர் இல்லை. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். டிரம்மைக் கழற்றியதும் வாயால் ஊதுவதோ காற்றடிப்பதோ கூடாது. முகக்கவசம் அணிந்து, தூசியை நீரால் நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியை உறையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்களின் ரப்பர்கள், பிரேக் குழாய்கள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள். பழைய வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே சுற்றாகக் குழாய் செல்வதால், எங்கே ஒழுகினாலும் முழு பிரேக்கும் போய்விடும். பிரேக் ஆயிலில் கனிம எண்ணெய் ஒரு துளி கலந்தாலும் ரப்பர் உப்பிக் கெடும்.

பிரேக் குழாய்களுக்குள் சிக்கிய காற்றெடுக்கும் வேலை இருவர் இணைந்து செய்ய வேண்டியது. பிள்ளை பெடலை மிதித்து "பிடிச்சிருக்கேன்" என்று சொன்ன பிறகு நீங்கள் சக்கரத்திலுள்ள, காற்றை வெளிவிடும் நிப்பிளைத் திறக்க வேண்டும். நீங்கள் மூடி "விடு" என்று சொன்ன பிறகே பிள்ளை காலை எடுக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள பின் இடச் சக்கரத்தில் தொடங்கி, முன் வலச் சக்கரத்தில் முடிக்கலாம். இடையில் ஆயில் கிண்ணம் வற்றவிடக் கூடாது. முடிந்த வேலையை அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் சோதித்துச் சரியென்று சொல்ல வேண்டும். அதற்குக் கொடுக்கும் கூலியில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

எஞ்சின்

நெடுநாள் நின்ற எஞ்சினைச் செல்ஃப் போட்டுச் சுற்றக் கூடாது. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எஞ்சின் ஆயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவைத்து, பிறகு முன்பக்கக் கைப்பிடியால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். தடையின்றிச் சுற்றினால் ஆயில், ஃபில்டர், ரேடியேட்டர் தண்ணீர், குழாய்கள், ஃபேன் பெல்ட் எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே எழும் அழுத்தம், அளந்து பாருங்கள். குறைவாக உள்ள சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது அளவு உயர்ந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, உயராவிட்டால் வால்வைப் பார்க்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு.

அளவுகள் இவை: டெல்கோவின் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர்) பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம், பிளக் இடைவெளி 0.030 அங்குலம், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இன்லெட் வால்வுக்கு 0.018, எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.016 அங்குலம். சிலிண்டர்களின் தீப்பொறி வரிசை 1-3-4-2. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜைக் கொண்டு இந்த இடைவெளிகளை அமைப்பது பிள்ளையின் வேலையாகவே இருக்கட்டும். தகடு லேசான பிடிப்போடு நழுவும் உணர்வு கையில் படிந்துவிட்டால் பிறகு மறக்காது. இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருப்பதால், பழைய ரப்பர்க் குழாய்களும் ஏ.சி. பம்பு எனப்படும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமும் கெடும். எத்தனாலைத் தாங்கும் வகையாகக் கேட்டு வாங்குங்கள். பாயிண்டும் பிளக்கும் பூட்டிய பிறகு கைப்பிடியால் ஸ்டார்ட் செய்யும் வேலையைப் பிள்ளையிடம் தர வேண்டாம். எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறியும். பெரியவரும் கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்துப் பிடிக்க வேண்டும். ஓடும் எஞ்சின் அருகே துப்பட்டா, தொங்கும் துண்டு, அவிழ்ந்த கூந்தல் எதுவும் ஆகாது.

வயரிங் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: பேட்டரியின் எர்த் வயரை முதலில் கழற்றி இறுதியில் பூட்டுங்கள், பழைய வயரை ஒட்டுப்போடாமல் முழுவதும் மாற்றுங்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் ஃபியூஸ் வையுங்கள்.

பெயிண்டும் சாலையும்

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலரத் தேய்க்காமல் நீர் விட்டுத் தேய்க்க வேண்டும். துருவின் மேல் கனமாகப் பட்டி பூசி மறைப்பது வேண்டாம். ஓர் ஆண்டுக்குள் அது உப்பிக் கழன்றுவிடும். காற்று எழுமுன் அதிகாலையில், தரையில் நீர் தெளித்துப் புழுதியை அடக்கிவிட்டு அடித்தால் வீட்டிலேயே நல்ல மெருகு கிடைக்கும்.

இன்ஷூரன்ஸும் தகுதிச் சான்றும் கைக்கு வந்த பிறகே சாலைக்கு எடுக்க வேண்டும். 18 வயது நிறையாத பிள்ளை ஓட்டினால், பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் சட்டத்தில் உண்டு. எவ்வளவு உழைத்திருந்தாலும், பிள்ளையின் இடம் அதுவரை பக்கத்து இருக்கைதான். முதல் 50 கி.மீ. ஓடியதும் சக்கர நட்டுகளை மீண்டும் இறுக்கி, பிரேக் குழாய் இணைப்புகளில் ஒழுகல் உண்டா என்று பார்த்து, 500 கி.மீ. கடந்ததும் எஞ்சின் ஆயிலை மாற்றி, இவற்றையும் பிள்ளை அதே நோட்டில் தேதியிட்டு எழுதிவைக்க வேண்டும்.