உயிரியல் துறைக்குப் பத்தாண்டுத் திட்டம்: கருவி வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

துறை வளர்ச்சித் திட்டம் என்றதும் எல்லோரும் முதலில் நீட்டுவது கருவிப் பட்டியலைத்தான். அது கடைசியில் வரட்டும். தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகத் துறை என்றால், முதல் தாளில் ஒவ்வொரு ஆசிரியரின் பெயர், சிறப்புப் பாடம், 60 வயது நிறையும் மாதம் ஆகியவற்றை எழுதுங்கள். எந்த ஆண்டிலிருந்து வகைப்பாட்டியல் நடத்த ஆளில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்த பத்தியில் பிஎச்.டி. இடங்கள். 2022 யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேருக்கு வழிகாட்டலாம். ஓய்வுக்கு மூன்றாண்டுக்கும் குறைவாக இருப்பவர் புது ஸ்காலரை எடுக்க முடியாது. மூன்று பேராசிரியர்கள் ஒரே ஆண்டில் ஓய்வு பெற்றால், 24 இடங்கள் மூன்றாண்டுக்கு முன்பே முடங்கத் தொடங்கும். அவர்கள் போன பிறகு கோப்பை நகர்த்தினால் அரசு ஒப்புதல், 200 புள்ளி ரோஸ்டர் (இட ஒதுக்கீட்டுச் சுழற்சி வரிசை), விளம்பரம், நேர்காணல் என்று காலம் ஓடிவிடும். அதுவரை கௌரவ விரிவுரையாளர்களை வைத்து வகுப்பு நடக்கும். ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கத்தான் ஆளிருக்காது.

புது எம்.எஸ்சி. தொடங்க ஆசை வந்தால் மணி நேரத்தைக் கூட்டுங்கள். வாரம் 30 மணி வீதம் இரண்டு ஆண்டு வகுப்புக்கும் 60. செய்முறை தலா 10 மணி என்று வைத்து, இரண்டு பேட்ச் ஆகப் பிரித்தால் இன்னும் 20. மொத்தம் 80. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரடி வகுப்பு என்றால் ஐந்து பேர் தேவை. முதலாண்டை மூவரை வைத்து ஓட்டிவிடலாம் என்பதால்தான் பலர் இதில் ஏமாறுகிறார்கள். இரண்டாம் ஆண்டு வகுப்பும் சேரும்போதுதான் இடிக்கும்.

இடத்தைப் பொறுத்தவரை சதுர அடியைவிட மின்சாரம்தான் பெரிய தலைவலி. மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் ஒன்று மாடலைப் பொறுத்து நாளைக்குச் சுமார் 10 முதல் 20 யூனிட் இழுக்கும். அத்தனையும் வெப்பமாக அறைக்குள்ளேயே இறங்கும். சராசரி 15 யூனிட் என்று வைத்தால், ஆறு ஃப்ரீசருக்கு நாளைக்கு 90 யூனிட், அதாவது ஓயாமல் 3.75 கிலோவாட். ஒரு டன் ஏசி நீக்கும் வெப்பம் சுமார் 3.5 கிலோவாட்தான். சுவரும் வெயிலும் தரும் சூட்டுக்குத் தனிக்கணக்கு. ஆகவே இரண்டு டன் ஏசி இரண்டு, மாறி மாறி ஓடும்படி. ஜெனரேட்டர் லைன் ஏசிக்கும் போக வேண்டும். ஃப்ரீசருக்கு மட்டும் கொடுத்தால் அறை சூடேறி கம்ப்ரசர் திணறும். கரண்ட் திரும்பும்போது ஆறும் ஒரே நொடியில் கிளம்பினால் பிரேக்கர் விழும். ஒவ்வொன்றுக்கும் சில நிமிட இடைவெளி வையுங்கள். வேறொன்று பழுதானால் மாதிரிகளை உடனே மாற்ற, ஒரு ஃப்ரீசரை எப்போதும் காலியாக, ஓடும் நிலையிலேயே விட்டுவையுங்கள். இதை வீண் செலவென்று தணிக்கையில் கேட்பார்கள். காரணத்தைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

உயிர்மருத்துவக் கழிவைச் சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆய்வகம் கூடினால், நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவும் கூட வேண்டும். நுண்ணுயிர் வளர்ப்பு ஊடகம் தயாரிக்க ஒன்று, கழிவுக்கு ஒன்று.

இப்போது கருவிப் பட்டியலை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் இயக்குவார், வாரண்டி முடிந்த பின் ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) எந்தச் செலவுத் தலைப்பில் வரும் என்று எழுதுங்கள். ஆண்டுக்கு விலையில் 5 முதல் 10 சதவீதம் ஒதுக்கலாம். புராஜெக்ட் பணத்தில் வாங்கியது புராஜெக்டோடு நின்றுவிடாமலிருக்க, இந்தத் தொகையைத் துறை பட்ஜெட்டில் முதலாண்டே சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு கட்டமும் காலியாக உள்ள கருவியை அடித்துவிடுங்கள்.