மூக்குச் சத்திரசிகிச்சைக்கு முன் முகத்தை முப்பரிமாணத்தில் படமெடுக்கும் முறை

முப்பரிமாண முக உருவம் கெட்டுப்போனால் பெரும்பாலும் கணினியில் குற்றமிருக்காது. படமெடுத்த விதத்திலேயே இருக்கும். பல கமராக்கள் பொருத்திய கருவி கண் இமைப்பதற்குள் முழு முகத்தையும் பிடித்துவிடும். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள சிறிய கிளினிக்கில் ஒரே கமராவை முகத்தைச் சுற்றிக் கொண்டுபோய்த்தான் எடுக்கவேண்டும். ஒன்றிரண்டு நிமிடம் முகம் அசையக்கூடாது.

முதல் எதிரி வியர்வை. தோலிலுள்ள துவாரம், மச்சம், சிறு சுருக்கம் இவற்றைப் படத்துக்குப் படம் ஒப்பிட்டே மென்பொருள் ஆழத்தைக் கணக்கிடுகிறது. தோலின் பளபளப்போ கமரா நகர நகரத் தானும் நகரும்; அந்த இடம் இல்லாத பள்ளமாகவோ மேடாகவோ பதிவாகும். மூக்கு நுனிதான் முதலில் மினுங்கும், அளவு வேண்டியதும் அங்கேதான். வெப்பமும் வறட்சியுமான கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் வெளியிலிருந்து வந்தவரை உடனே கதிரையில் இருத்தாதீர்கள். முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒற்றித் துடைத்து, குளிரூட்டிய அறையில் 15 நிமிடம் இருக்கவிடுங்கள். எண்ணெய், கிரீம், பவுடர், திருநீறு, பொட்டு எதுவும் வேண்டாம். மூக்குத்தியைக் கழற்றச் சொல்லுங்கள். துளை புதிதென்றால் வற்புறுத்த வேண்டாம். பிளாஷின் முன்னும் லென்ஸின் முன்னும் போலரைசர் வடிகட்டிகளை (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுபவை) ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்தால் மினுக்கம் ஏறக்குறைய மறைந்துவிடும். ஒளி நிறையக் குறையும், பிளாஷைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நெற்றி மயிர்க்கோடும் இரு காதுகளும் தெரியவேண்டும். ஆகவே ஹிஜாப் அணிபவருக்குப் பெண் தாதியே படமெடுக்கட்டும், கதவு மூடியிருக்கட்டும், படங்களை எங்கே வைப்போம், யார் பார்ப்பார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். இது மரியாதை மட்டுமல்ல: பதற்றத்தில் இறுகிய வாய் மேலுதட்டின் அளவையே மாற்றிவிடும். அடர்ந்த தாடிக்குக் கீழுள்ள தோலைக் கமரா காணாது. தாடியை எடுக்க விரும்பாதவரிடம் நாடி (முகவாய்) அளவுகளை விட்டுவிடுங்கள்.

கமராவில் லென்ஸ் திறப்பு எஃப் 8 முதல் 11 வரை, 50 மி.மீ நிலைக்குவிய (ஸூம் இல்லாத) லென்ஸ், எல்லாம் மெனுவல். தலையைத் திருப்பச் சொல்லாதீர்கள், கமராவே நகரட்டும். ஒரு காதிலிருந்து மறு காது வரை ஏறத்தாழ 15 பாகைக்கு ஒன்றாக, கண் மட்டத்திலும் அதற்குச் சற்று மேலும் கீழும் மூன்று சுற்று. சுமார் 40 படம் வரும். கீழ்ச்சுற்றை விட்டால் மூக்குத் துவாரங்களின் அடிப்பகுதி உருவத்தில் ஓட்டையாகிவிடும். பற்கள் இயல்பாகப் பொருந்தி, உதடுகள் தளர்ந்து, பார்வை ஒரே புள்ளியில் நிற்கவேண்டும்.

படங்களை மட்டும் வைத்து உண்மை அளவு தெரியாது. நெற்றிப்பட்டியில் 50 மி.மீ இடைவெளியுள்ள இரு குறிகளை ஒட்டி அளவைச் சரிசெய்யுங்கள். பிறகு இரு கண்களின் வெளிமூலைத் தூரத்தைக் கலிப்பரால் அளந்து உருவத்தோடு ஒப்பிடுங்கள். 1 மி.மீக்கு மேல் வித்தியாசமென்றால் மறுபடியும் எடுங்கள்.

திரையில் மூக்கைக் குறைத்துக் காட்டும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: அது தோலின் மேற்பரப்பு மட்டுமே. உள்ளே குருத்தெலும்பு எப்படி, தோல் எவ்வளவு தடிப்பு என்பது அதில் இல்லை. தடித்த தோல் உள்ளே செய்த நுண்ணிய மாற்றங்களை மூடிவிடும். அந்தப் படத்தை உறுதிமொழியாக அச்சிட்டுக் கொடுக்காதீர்கள்.

சிகிச்சைக்குப் பிந்திய உருவத்தை முந்தியதன்மேல் பொருத்தும்போது நெற்றியை மட்டும் ஆதாரமாக எடுங்கள். முழு முகத்தையும் பொருத்தினால் மூக்கின் மாற்றம் கன்னத்துக்கும் பகிரப்பட்டு, உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும். நுனி வீக்கம் வடிய ஒரு வருடமாகலாம். 6ஆம் மாத உருவத்தை இடைநிலையாகவே குறித்து, 12ஆம் மாதம் திரும்ப எடுங்கள்.