பெரிய ஹார்ன் ஸ்பீக்கர்: டெசிபல் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவோர் செய்யும் தவறுகள்

பால் டபிள்யூ. கிளிப்ஷ் என்ற பொறியாளர் 1946இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து ஹோப் நகரில் நிறுவிய நிறுவனம், அறை மூலையில் நிறுத்துவதற்கென அவர் வடிவமைத்த கிளிப்ஷ்ஹார்ன் என்ற ஹார்ன் ஸ்பீக்கரை (விரிந்து செல்லும் குழல்வாய் வழியே ஒலியை வெளியிடும் வகை) இன்றளவும் விற்று வருகிறது. அதன் உணர்திறன், அதாவது குறிப்பிட்ட மின்திறனுக்கு அது எழுப்பும் ஓசையின் அளவு, 105 டெசிபல் என்கிறது விவரக்குறிப்பு. வீடுகளில் பரவலாக உள்ள ஸ்பீக்கர்கள் 85 முதல் 88 டெசிபல் வரை தருபவை. 3 டெசிபல் கூடினால் அதே ஓசைக்குப் பாதி மின்திறன் போதும், 10 டெசிபல் கூடினால் பத்தில் ஒரு பங்கு போதும் என்பதால், 300பி என்ற வால்வு (வெற்றிடக் குழாய்) கொண்ட 8 வாட் ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவருக்கு இந்த எண்ணின் மீது ஆசை வருவது இயல்பே. ஆனால் அறையை அளப்பதற்கு முன்பே எண்ணை முடிவு செய்துவிடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

முதலில், அந்த எண் எப்படி அளக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். வழக்கமாக 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளப்பார்கள். 8 ஓம் ஸ்பீக்கரில் அது சரியாக 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கரிலோ 2 வாட். ஆகவே 4 ஓமில் 96 என்று அச்சிட்டிருந்தால், வாட் கணக்கில் அது 93தான். எதிரொலியில்லாத கூடத்தில் அளந்த எண்ணையும், சுவர்களின் உதவியைச் சேர்த்துக் கூறப்படும் எண்ணையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதும் பயன் தராது.

பெட்டி பெரிதாக இருந்தால் அடித்தொனி ஆழமாகத்தான் இருக்கும் என்று நம்புவது அடுத்த தவறு. சிறிய பெட்டி, ஆழமான அடித்தொனி, உயர்ந்த உணர்திறன் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும் என்பது ஸ்பீக்கர் வடிவமைப்போர் ஹாஃப்மனின் இரும்பு விதி என்று வழங்கும் கணக்கு. 1954இல் எட்கர் வில்ச்சர் கொண்டுவந்த ஏஆர்-1, காற்றுப் புகாமல் மூடிய சிறிய பெட்டியில் ஆழத்தைக் கொடுத்தது. அதற்கு ஈடாக உணர்திறனை இழந்தது. எதிர்த்திசையில், கிளிப்ஷ் நிறுவனத்தின் லா ஸ்காலா இரண்டடி அகலமும் மூன்றடி உயரமும் கொண்ட பெட்டியாக இருந்தும், அதன் அடித்தொனி ஏறத்தாழ 51 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காமல் நின்றுவிடுகிறது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியை அழுத்தாமல் மீட்டினால் எழும் சுரம் 41 ஹெர்ட்ஸ் என்பதை நினைத்தால், அதனுடன் அடித்தொனிக்கெனத் தனியாக சப்வூஃபர் ஒன்றும் தேவைப்படலாம் என்பது வாங்கும் முன்பே புரிந்துவிடும்.

அறை விஷயத்தில் நேரும் தவறே எல்லாவற்றிலும் செலவு மிக்கது. 33 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் பத்து மீட்டருக்கும் அதிகம். அதைக் கையாளும் ஹார்னின் வாய் வீட்டுக்குள் அடங்காது. கிளிப்ஷ் அறையின் இரு சுவர்களையும் தரையையுமே ஹார்னின் தொடர்ச்சியாக ஆக்கிக்கொண்டார். அப்படியானால் மூலை என்பது ஸ்பீக்கரின் ஓர் உறுப்பு. பின்புறம் திறந்திருந்த பழைய வடிவங்களைச் சுவரிலிருந்து சற்று நகர்த்தினாலே அடித்தொனி மெலிந்துவிடும். அண்மைக் கால வடிவங்களில் பின்புறம் மூடப்பட்டிருந்தாலும் மூலையின் தேவை நீங்கவில்லை. நம் வீட்டுக் கூடங்களில் ஒரு மூலையில் வாசற்கதவும், மறுமூலையில் பீரோவோ ஜன்னலோ இருப்பதுதான் வழக்கம். ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் திறப்புமாக அமைந்தால் இரு ஸ்பீக்கர்களும் ஒன்றுபோல் ஒலிக்காது. பன்னிரண்டு அடி நீளச் சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸ் ஒலி நிலையலையாகத் தேங்கி நிற்கும். அறை சதுரமாக இருந்தால் நீளத்திலும் அகலத்திலும் அதே ஒலியே இரட்டிப்பாகத் தேங்கும். செங்கற்சுவர் அடித்தொனியை உள்ளேயே பிடித்து வைக்கும், டைல்ஸ் தரை மேல்தொனியைத் திருப்பி அடிக்கும் என்பதால் தடித்த விரிப்பும் புத்தக அலமாரியும் அலங்காரத்துக்காக மட்டும் அல்ல.

மிக அருகில் அமர்வதும் தவறுதான். அடித்தொனிக்கான வூஃபரும் நடுத்தொனி ஹார்னும் மேல்தொனிக்கான ட்வீட்டரும் ஒன்றிலிருந்து ஒன்று விலகியிருப்பதால், குறைந்தது மூன்று மீட்டராவது தள்ளி அமர்ந்தால்தான் அவை ஒரே குரலாகச் சேரும்.

ஆம்ப்ளிஃபயரைப் பொறுத்தவரை, வாட் போதுமா என்று கேட்போர் பலர். அமைதியானதா என்று கேட்போர் சிலரே. 86 டெசிபல் ஸ்பீக்கரில் காதுக்கு எட்டாத இரைச்சலும் ஹம்மும் 100 டெசிபல் ஸ்பீக்கரில் 14 டெசிபல் உயர்ந்து வெளிவரும். கச்சேரியின் தொடக்கத்தில் தம்பூரா மட்டும் மெல்ல ஒலிக்கையில் அதன் பின்னணியில் 'உஸ்' என்று ஓர் ஓசை ஓடிக்கொண்டிருந்தால், விலை எவ்வளவு கொடுத்திருந்தாலும் மனம் ஒட்டாது. ஒலியளவுக் குமிழும் தொல்லை தரும்: சற்றே திருப்பியதும் அறை நிறைந்துவிடுவதால், இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமாக இராத அதன் அடிப்பகுதியிலேயே எப்போதும் கேட்க வேண்டியிருக்கும். பெருக்கம் (கெய்ன்) குறைந்த ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுத்தால் இந்த இரண்டும் பெரிதும் குறையும். வால்வு ஆம்ப்ளிஃபயர்களின் வெளியீட்டு மின்மறுப்பு (ஓமில் அளக்கப்படும், மின்தடை போன்ற எதிர்ப்பு) அதிகம் என்பதால், மின்மறுப்பு ஏறி இறங்கும் ஸ்பீக்கரில் சில சுரங்கள் தூக்கலாகவும் சில அடங்கியும் ஒலிக்கும். 8 வாட் போதும் என்ற கணக்கு சரியாக இருக்கும்போதே இது நேரலாம்.

பழைய ஸ்பீக்கர் வாங்குவோர், ஒலியைத் தொனிவாரியாகப் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் சுற்றிலுள்ள கெப்பாசிட்டர்களை அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும். வூஃபர் விளிம்பு ஃபோமால் ஆனதெனில் விரலால் மெல்லத் தொட்டாலே உதிர்கிறதா என்று பார்க்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன், பெட்டியின் அளவுக்கு அட்டை வெட்டி மூலையில் வைத்து, ஒரு வாரம் அதைச் சுற்றி நடமாடிப் பார்ப்பது நல்லது. கிளிப்ஷ்ஹார்னின் அகலம் இரண்டரை அடிக்குச் சற்று அதிகம். படுக்கையறைக் கதவுகள் பலவும் அந்த அளவேதான்.