உடலுக்குள் வைத்த சாதனம் பழுதானால் இழப்பீடு கோருவது எப்படி? தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

செயற்கை இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு, பேஸ்மேக்கர், ஸ்டென்ட், எலும்பு முறிவுக்கு வைக்கும் பிளேட் என உடலுக்குள் தங்கிவிடும் சாதனங்களில் குறை இருந்து நோயாளி பாதிக்கப்பட்டால், தயாரித்த நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க இந்தியச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 82 முதல் 87 வரையான பிரிவுகள் இந்தத் தயாரிப்புப் பொறுப்பைப் பற்றியவை. ஆனால் இத்தகைய வழக்கின் வெற்றி தோல்வி பெரும்பாலும் மனு தாக்கல் செய்வதற்கு முன்பே, எந்த ஆதாரத்தைப் பத்திரப்படுத்தினோம் என்பதிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இந்த விளக்கத்தில் ஆதாரங்களுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: உள்ளே இருப்பது எது என்று கண்டுபிடியுங்கள்

ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டெப்யூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டு 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. பொருத்திய ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேருக்கு மறு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டதை பிரிட்டனின் மூட்டுப் பதிவேடு காட்டியிருந்தது. மூட்டின் பந்துப் பகுதியும் அது சுழலும் கிண்ணப் பகுதியும் உலோகமாக இருந்ததால், அவை உராய்ந்து கோபால்ட், குரோமியம் துகள்கள் திசுவிலும் இரத்தத்திலும் கலந்தன. இந்தியாவில் சுமார் 4,700 அறுவைச் சிகிச்சைகளில் இந்த மூட்டு பொருத்தப்பட்டது. ஆனால் மத்திய அரசின் நிபுணர் குழு ஆராய்ந்தபோது, அதைப் பொருத்திக்கொண்டவர்களில் சுமார் 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்பதே தெரியவில்லை. தம் உடலுக்குள் எந்த நிறுவனத்தின் மூட்டு இருக்கிறது என்று அறியாதவருக்கு, அது திரும்பப் பெறப்பட்ட செய்தி வந்தாலும் பயனில்லை.

சாதனத்தின் பெட்டிக்குள் உரித்து ஒட்டக்கூடிய சிறு ஸ்டிக்கர்கள் இருக்கும். தயாரிப்பாளர் பெயர், மாடல், அளவு, லாட் எண் அல்லது சீரியல் எண் ஆகியவை அவற்றில் அச்சாகியிருக்கும். அவற்றுள் ஒன்றை அறுவைச் சிகிச்சைக் குறிப்பில் ஒட்டுவது வழக்கம். டிஸ்சார்ஜ் சம்மரியில் வெறுமனே 'இடுப்பு மூட்டு மாற்றப்பட்டது' என்று மட்டும் இருந்தால் அது போதாது. அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம், ஒப்புதல் படிவம், சாதனத்தின் விலை தனியே காட்டப்பட்ட பில் ஆகியவற்றின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். அதே விதிகள் உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் மட்டுமே காக்கச் சொல்கின்றன. ஆகவே எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள்கூட இப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

படி 2: வலி தொடங்கினால் தள்ளிப்போடாதீர்கள்

நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்க, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69ஆவது பிரிவு தரும் காலம், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். உள்ளே மறைந்திருக்கும் குறையைப் பொறுத்தவரை, அது தெரியவந்த நாளிலிருந்தே காலத்தைக் கணக்கிட வேண்டும் என்று வாதிட இடம் உண்டு. ஆனால் அதற்கு எல்லையும் உண்டு. 1993இல் பித்தப்பை அறுவைச் சிகிச்சையில் வயிற்றுக்குள் துணி விட்டுவிடப்பட்டதாகவும், அது 2002இல் கண்டுபிடிக்கப்பட்டதாகவும் கூறி ஒரு பெண்மணி தொடுத்த வழக்கில், இத்தனை ஆண்டுகள் வலி இருந்தும் அவர் அந்த மருத்துவரை அணுகவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, புகார் காலாவதியாகிவிட்டதென்று உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. எனவே வலி, வீக்கம், நடையில் மாற்றம் எதுவானாலும் மருத்துவரிடம் சென்று, தேதியுடன் சீட்டில் எழுதி வாங்குங்கள். தாமதமாகிவிட்டிருந்தால், அதற்கான காரணத்தை விளக்கித் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் புகாருடன் சேர்க்க வேண்டும்.

படி 3: வெளியே எடுத்த சாதனத்தைக் கைவிடாதீர்கள்

இந்தப் படியில்தான் பலர் ஆதாரத்தை இழக்கிறார்கள். 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, உடலிலிருந்து அகற்றிய உலோகச் சாதனம் நீல வகைக் கழிவு. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் அது நீலக் குறியிட்ட பெட்டிக்குள் போய், அங்கிருந்து கழிவு நிலையத்துக்குச் சென்றுவிடும். ஆகவே மறு அறுவைச் சிகிச்சைக்கு முன்பே மருத்துவமனைக்கு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையுடன் ஒப்புகை பெறுங்கள். கடிதத்தில் இவ்வளவு இருந்தால் போதும்: 'எனக்கு நடைபெறவுள்ள அறுவைச் சிகிச்சையில் அகற்றப்படும் சாதனத்தின் எல்லாப் பாகங்களையும் கழிவில் சேர்க்காமல், கிருமி நீக்கம் செய்து, புகைப்படம் எடுத்து, உறையில் முத்திரையிட்டு, என் பெயரும் தேதியும் குறித்து என்னிடம் ஒப்படைக்கக் கோருகிறேன். எடுக்கும்போது காணப்படும் தேய்மானம், முறிவு, திசுவின் நிலை ஆகியவற்றை அறுவைச் சிகிச்சைக் குறிப்பில் பதிவு செய்யவும் கோருகிறேன்.'

பரிசோதித்துத் தருகிறோம் என்று நிறுவனத்தின் பிரதிநிதி கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். பரிசோதனை இல்லாமல் குறையைத் தீர்மானிக்க முடியாத நிலையில், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆவது பிரிவின்கீழ் நுகர்வோர் ஆணையமே அதை உரிய ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும்.

படி 4: குறை எந்த வகை என்று பிரித்தறியுங்கள்

செயலிழந்த சாதனமெல்லாம் குறைபாடுள்ள சாதனம் அல்ல. கிருமித் தொற்று, கீழே விழுந்தது, கிண்ணத்தைத் தவறான கோணத்தில் பொருத்தியது ஆகியவையும் மூட்டைத் தளர்த்தும். சிகிச்சையில் தொடர்பில்லாத வேறொரு எலும்பு மருத்துவரிடம் எழுத்து மூலக் கருத்துப் பெறுவது இதனால் அவசியமாகிறது.

சாதனமே காரணம் என்றால், உற்பத்திக் குறை, வடிவமைப்புக் குறை, உற்பத்தி வரையறையிலிருந்து விலகல், அளித்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாமை, போதிய எச்சரிக்கை தராமை ஆகியவற்றுக்கு 84ஆவது பிரிவின்கீழ் தயாரிப்பாளர் பொறுப்பாவார். எச்சரிக்கை தரவில்லை என்ற வாதத்தை மட்டும் நம்பி மனு எழுத வேண்டாம். நிபுணரின் மேற்பார்வையில் பயன்படுத்த வேண்டிய பொருளானால், அந்த நிபுணருக்கு நியாயமான முறையில் எச்சரிக்கை தந்திருந்தாலே தயாரிப்பாளருக்கு அது போதும் என்கிறது 87ஆவது பிரிவு. 'டாக்டரிடம் சொல்லிவிட்டோம்' என்பது உங்கள் எதிரிலும் நிச்சயம் வைக்கப்படும் பதில். ஆனால் அந்த விலக்கு வடிவமைப்புக் குறைக்கோ உற்பத்திக் குறைக்கோ பொருந்தாது.

படி 5: யாரை எதிர்தரப்பில் சேர்ப்பது?

தயாரிப்பாளர் வெளிநாட்டில் இருந்தால் கலங்க வேண்டாம். இறக்குமதி செய்பவரும் சட்டத்தின் பார்வையில் விற்பனையாளரே. தயாரிப்பாளரிடம் நோட்டீஸைச் சேர்ப்பிக்க முடியாவிட்டாலோ, அவர்மீது உத்தரவை நிறைவேற்ற முடியாவிட்டாலோ, 86ஆவது பிரிவு பொறுப்பை விற்பனையாளர்மீது வைக்கிறது. இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் பெட்டியின் லேபிளில் இருக்கும். மருத்துவரின் கவனக்குறைவுக்கு உண்மையான ஆதாரம் இருந்தாலொழிய அவரை எதிர்தரப்பில் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சாதனத்தின் குறையைச் சொல்லக்கூடிய முக்கியமான சாட்சி பெரும்பாலும் அவர்தான்.

படி 6: தொகையும் தாக்கலும்

எந்த ஆணையத்துக்குப் போவது என்பதை நீங்கள் கோரும் இழப்பீடு தீர்மானிப்பதில்லை, நீங்கள் செலுத்திய விலையே தீர்மானிக்கிறது. அது 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம். நான்கு லட்சம் செலவிட்டு மூட்டு மாற்றியவர் நாற்பது லட்சம் இழப்பீடு கோரினாலும், தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, கட்டணம் இல்லாமல் தாக்கல் செய்யலாம். செலுத்திய விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது.

மறு அறுவைச் சிகிச்சைச் செலவு, இழந்த வருமானம், நிரந்தர ஊனம், வலி, மன உளைச்சல் ஆகியவற்றைத் தனித்தனியே கணக்கிட்டு எழுதுங்கள். சாதனத்தின் விலை தயாரிப்புப் பொறுப்பின்கீழ் 'தீங்கு' ஆகாது என்பதால், அதைக் குறைபாடுள்ள பொருளுக்கான தனி நிவாரணமாகக் கேளுங்கள். தொகையை நியாயப்படுத்த ஏ.எஸ்.ஆர். விவகாரம் உதவும்: வயதையும் ஊனத்தின் அளவையும் கொண்டு சுமார் 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை வழங்கும் கணக்கீட்டு முறையை மத்திய அரசு 2018 நவம்பரில் ஏற்றது. நிறுவனம் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது என்பதையும் மறைக்காமல் குறிப்பிடுவதே முறை.

நோட்டீஸ் கிடைத்தபின் எதிர்தரப்பினர் பதில் தர 30 நாட்கள், மிஞ்சினால் இன்னும் 15 நாட்கள். அதற்கு மேல் நீட்டிக்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020இல் கூறியிருக்கிறது. உங்களுக்குச் சாதகமாக உத்தரவு வந்து, நிறுவனம் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய விரும்பினால், 45 நாட்களுக்குள் செய்ய வேண்டும். உத்தரவிட்ட தொகையில் பாதியை முதலில் செலுத்தவும் வேண்டும்.