கொலுசைக் கறுக்க வைத்த ரப்பர் பேண்ட்

கொலுசு சிக்காகாமல் இருக்கட்டும் என்று ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டி அட்டைப்பெட்டியில் வைத்திருந்தேன். நாலு மாதம் கழித்துத் திறந்தால், பேண்ட் பட்ட இடத்தில் மட்டும் கரிக்கோடு இழுத்தாற்போல் கறுப்பு. ரப்பரில் கந்தகம் உண்டு. அது வெள்ளியோடு சேர்ந்தால் சில்வர் சல்ஃபைடு, அந்தக் கறுப்பு அதுதான். பாதுகாப்பு என்று நினைத்து வினையைத்தான் சுற்றி வைத்திருக்கிறேன்!

பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, கொலுசு அதைத் தொடும்படி போட்டு, சமையல் சோடா தூவி வெந்நீர் ஊற்றினேன். அழுகிய முட்டை நாற்றம் லேசாக வந்தது, கறுப்பும் போனது. (கல் பதித்த நகைக்கு இது வேண்டாம்.) அலசித் துடைத்து, ராத்திரி முழுக்கக் காயவிட்டேன்.

இப்போது ஒவ்வொன்றும் தனித்தனி ஜிப் கவரில், காற்றை அழுத்தி வெளியேற்றி, கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். வருஷம் ஒன்றாகிறது, கொக்கி ஓரத்தில் மட்டும் லேசான மஞ்சள்.