கொரில்லா காணச் செல்வோர் முதலில் செய்ய வேண்டியது

உகாண்டாவின் புவிண்டி வனத்தில் மலைக் கொரில்லாக்களைக் காண விரும்புவோர், விடுதியைப் பதிவு செய்வதற்கு முன்பே அனுமதிச் சீட்டைப் பெற்றுவிடுவது நல்லது. புஹோமா, ருஹிஜா, ருஷாகா, இன்குரிங்கோ ஆகிய நான்கு பகுதிகளுள் எதற்குச் சீட்டு கிடைக்கிறதோ அங்கேதான் காலையில் நடை தொடங்கும் என்பதாலும், அவற்றுக்கிடையே மலைப்பாதையில் செல்லச் சில மணி நேரம் பிடிக்கலாம் என்பதாலும், வேறு பகுதியில் தங்கியவர்கள் விடியலுக்கு முன்பே புறப்பட நேரிடும். வழியில், தொட்டால் அரிக்கும் காஞ்சொறிச் செடிகள் மண்டியிருக்கும். தோட்ட வேலைக்கான தடித்த கையுறையே அதற்குப் போதும். கால்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டால் எறும்புகள் உள்ளே ஏறா. மனிதரின் சுவாச நோய்கள் கொரில்லாக்களுக்கும் தொற்றும் என்பதால், சளியோ காய்ச்சலோ இருந்தால், செலவழித்த பணத்தை எண்ணி அதை மறைக்காமல், வழிகாட்டியிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும்.