3 மாதத்தில் 15 கிலோ: கணக்கு எங்கே தப்பாகிறது?

ஐப்பசியில் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம், தையில் கல்யாணம். அப்போது என் எடை 82 கிலோ. கல்யாணத்துக்குள் 67 ஆகிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். பட்டுப்புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்த இடத்தில், "அளவு ரவிக்கையைவிட ரெண்டு இன்ச் குறைச்சே தைங்க, அதுக்குள்ள இளைச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டும் வந்தேன்.

67 எங்கிருந்து வந்தது? இரண்டாவது பிள்ளை பிறப்பதற்கு முன் நான் இருந்த எடை அது. 3 மாதம் எங்கிருந்து வந்தது? முகூர்த்தத் தேதியிலிருந்து. ஒன்றைப் பழைய ஞாபகம் கொடுத்தது, இன்னொன்றைப் பஞ்சாங்கம் கொடுத்தது. என் உடம்பால் எவ்வளவு முடியும் என்று நான் யோசிக்கவே இல்லை. எடை குறைக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். தேதியைக் குறித்துவிட்டு, அதற்கு ஏற்ற வேகத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போடுகிறோம்.

அந்தக் கணக்கையாவது ஒழுங்காகப் போட்டிருந்தால் அன்றைக்கே புரிந்திருக்கும். உடம்பில் சேர்ந்த ஒரு கிலோ கொழுப்பு, தோராயமாக 7,700 கலோரி. 15 கிலோவுக்கு 1,15,500. அதை 90 நாளுக்கு வகுத்தால் தினமும் சுமார் 1,280 கலோரி குறைய வேண்டும். ஆபீஸ், இரண்டு வேளைச் சமையல், பஸ் பயணம் எல்லாம் சேர்த்து என் உடம்பு ஒரு நாளில் செலவழிப்பதே ஏறக்குறைய 1,900. மீதி 620-இல் நாளை ஓட்ட வேண்டும். காலையில் நாலு இட்லி, சாம்பார், கொஞ்சம் தேங்காய்ச் சட்னி சாப்பிட்டாலே அதில் பாதி தீர்ந்துவிடும். நடந்து சரிக்கட்டலாம் என்றால், ஒரு மணி நேரம் வேகமாக நடந்தாலும் 250, 300 கலோரிக்கு மேல் போகாது.

மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வேகம் வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை. என்னைப் போல உயரம் குறைந்த, உட்கார்ந்து வேலை பார்க்கிற பெண்ணுக்கு அரை கிலோவே நல்ல வேகம். 110 கிலோ இருக்கும் ஆணுக்கு ஒரு கிலோ சிரமமில்லாமல் போகலாம். அவர் உடம்பு சும்மா இருக்கும்போதே என்னுடையதைவிட அதிகம் எரிக்கிறது. ஒரே வீட்டில் கணவனும் மனைவியும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டு, யார் சீக்கிரம் இளைக்கிறார்கள் என்று போட்டி போடுவது அதனால்தான் வேண்டாம் என்கிறேன். அந்தப் போட்டியில் மனம் நோவது பெரும்பாலும் மனைவிதான்.

முதல் வாரத்து மயக்கம்

பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரில்தான் எடையையும் எழுதினேன். "1 பாக்கெட் கூட" என்ற குறிப்புக்குக் கீழே 81.2. அடுத்த கட்டத்தில் 80.6. ஏழாம் நாள் 79.7. ஒரே வாரத்தில் 2.3 கிலோ! அப்போது எனக்கு வந்த நம்பிக்கை இன்னும் நினைவிருக்கிறது. இதே வேகத்தில் போனால் 67 என்ன, 60-ஐயே தொட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

போனது பெரும்பாலும் தண்ணீர். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பங்கைக் கல்லீரலும் தசைகளும் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கின்றன. எல்லாம் சேர்த்து அரை கிலோ அளவுக்கு இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. சோற்றைச் சட்டென்று பாதியாக்கினால் உடம்பு இந்தச் சேமிப்பைத்தான் முதலில் எடுக்கும், கூடவே தண்ணீரும் வெளியேறும். ஊறுகாயும் அப்பளமும் நிறுத்தியதில் உப்பு குறைந்து இன்னும் கொஞ்சம் நீர் இறங்கும். ஒரு வளைகாப்புக்குப் போய்ச் சித்ரான்னங்களை நன்றாகச் சாப்பிட்டு வந்தால், மறுநாள் அதில் ஒரு கிலோ திரும்பி வந்து நிற்கும். அதுவும் கொழுப்பு கிடையாது.

அதனால் முதல் இரண்டு வாரத்து எண்களை வேகக் கணக்கில் சேர்க்காதீர்கள். மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை எவ்வளவு குறைகிறதோ அதுதான் ஏறக்குறைய உங்கள் வேகம். இலக்கை அதை வைத்து எழுதுங்கள்.

அதையும் அப்படியே வருஷக் கணக்குக்குப் பெருக்க முடியாது. இந்த 7,700 கலோரிக் கணக்குக்கு வேர், மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் 1958-இல் எழுதிய கட்டுரை. ஒரு பவுண்டுக்கு 3,500 கலோரி என்றார் அவர். சில வாரங்களுக்கு இது ஓரளவு சரிவரும். ஆனால் எடை குறையக் குறைய, உடம்பு செலவழிப்பதும் குறைகிறது. 72 கிலோ உடம்பைப் பஸ் படியில் ஏற்ற 82 கிலோவுக்கு ஆகும் கலோரி தேவைப்படாது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த கெவின் ஹால் குழுவினர் 2011-இல் இதை விளக்கமாகக் காட்டினார்கள். தினமும் 100 கலோரியைக் குறைத்து, அதையே நிரந்தரமாக வைத்துக்கொண்டால் பழைய கணக்குப்படி 3 வருஷத்தில் 14 கிலோ குறைய வேண்டும். அவர்கள் கணக்கில் கடைசியாகக் குறைவதே 4.5 கிலோதான். அதில் பாதி குறைய ஒரு வருஷம் ஆகும், மீதியில் பெரும்பகுதிக்கு இன்னும் இரண்டு வருஷம். ஐந்தாவது, ஆறாவது மாதத்தில் முள் அசையாமல் நின்றால் உங்களிடம் ஏதோ கட்டுப்பாடு குறைந்துவிட்டது என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். கணக்கே அப்படித்தான் வளைகிறது.

ஜெயித்ததைத் தோல்வி என்று எழுதுவது

மார்கழி முடியும்போது என் எடை 75.5. மூன்று மாதத்தில் 6.5 கிலோ. ரவிக்கை ஏறவில்லை. உள்ளே மடித்து விட்டிருந்த துணியைப் பிரித்துத்தான் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டேன். முகூர்த்தத்துக்கு முந்தைய ராத்திரி குளியலறையில் நின்று அழுதேன். கல்யாணம் முடிந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். சித்திரை முடிவதற்குள் 83.

அப்புறம் வேறு ஏதோ காரணத்துக்காக மருத்துவரிடம் போனபோது இந்தக் கதையைச் சொன்னேன். அவர் கால்குலேட்டரை எடுத்து என் முன்னால் வைத்தார். "82-ல ஆறரை, எத்தனை சதவீதம்னு போட்டுப் பாருங்கம்மா." கிட்டத்தட்ட 8. "சர்க்கரை வராம தடுக்க 7 சதவீதம் குறைங்கன்னுதான் நாங்க சொல்றோம். நீங்க அதைத் தாண்டிட்டு, தோத்துட்டேன்னு விட்டிருக்கீங்க."

அந்த 7 சதவீதம் சும்மா சொன்னதில்லை. அமெரிக்காவில் நடந்து 2002-இல் முடிவுகள் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்டவர்களுக்குக் கொடுத்த இலக்கே அவ்வளவுதான். அந்தக் குழுவில் புதிதாக நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது.

தவறுகளிலேயே எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். நடக்க முடியாத இலக்கை வைத்தால் குறைவாகக் கிடைக்கும், அவ்வளவுதானே என்று நினைக்கிறோம். கிடைத்த நல்லதையும் அது தூக்கி எறிய வைத்துவிடும். 1997-இல் கேரி ஃபாஸ்டர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்கு வந்த 60 பெண்களிடம் எவ்வளவு குறைந்தால் திருப்தி என்று முன்கூட்டியே கேட்டார்கள். அவர்கள் ஆசைப்பட்டது சராசரியாகத் தங்கள் எடையில் 32 சதவீதம். 25 கிலோ குறைந்தால் பரவாயில்லை, 17 கிலோதான் என்றால் ஏமாற்றம் என்றார்கள். 48 வாரத்துக்குப் பிறகு சராசரியாகக் குறைந்தது 16 கிலோ. எந்த மருத்துவரும் கைகுலுக்கிப் பாராட்டும் அளவு அது. ஆனால் ஏறக்குறைய பாதிப் பேர், தாங்களே 'ஏமாற்றம்' என்று பெயர் வைத்த கோட்டைக்கூடத் தொடவில்லை.

வேகத்தில் என்ன ஆபத்து?

பொங்கலுக்கு முன்பே தலை சீவும்போது சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. ஷாம்பூவை மாற்றினேன், எண்ணெயை மாற்றினேன். சாப்பாட்டை ஒரேயடியாகக் குறைத்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படிக் கொட்டுவது தெரிந்த விஷயம் என்று பிறகுதான் அறிந்தேன். பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும், எனக்கும் வளர்ந்தது. பித்தப்பைக் கல் அப்படி விடாது. வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைப்பவர்களுக்கு அந்த ஆபத்து கூடுகிறது. புரதம் போதாமல், உடற்பயிற்சியும் இல்லாமல் இளைத்தால் கொழுப்போடு தசையும் கரையும்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டைச் சட்டென்று குறைக்கவே கூடாது. மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்குக் கணக்கிட்டது. சாப்பாடு மட்டும் குறைந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம்.

அதற்காக, வேகமாகக் குறைத்தால் வேகமாகத் திரும்பிவிடும், மெதுவாகக் குறைத்தால் திரும்பாது என்று எல்லோரும் சொல்வதை நான் சொல்ல மாட்டேன். மெல்போர்னில் சுமார் 200 பேரை வைத்து நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பிரிவினர் 12 வாரத்திலும் இன்னொரு பிரிவினர் 36 வாரத்திலும் குறைத்தார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவிலும் குறைத்ததில் 70 சதவீதத்துக்கு மேல் திரும்பியிருந்தது. வேகமாகக் குறைத்தவர்கள் மருத்துவர்களின் கண்காணிப்பில் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: எந்த வேகத்தில் குறைத்தாலும் குறைத்த பிறகு என்ன செய்வது என்ற திட்டம் தனியாக வேண்டும். என்னிடம் முகூர்த்தத்துக்கு மறுநாளைக்கு எந்தத் திட்டமும் இல்லை.

மறுபடி தொடங்கியபோது

83-இலிருந்து மறுபடி தொடங்கினேன். இந்த முறை தேதி கிடையாது. முதல் இலக்கு 5 சதவீதம், அதாவது 4 கிலோ சொச்சம். அங்கே போய் ஒரு மாதம் நிலைத்து நின்ற பிறகுதான் அடுத்ததை யோசிப்பது என்று வைத்துக்கொண்டேன். தினமும் 400, 500 கலோரி குறைப்பு. ராத்திரிச் சோறு ஒரு கரண்டி, மதியம் பொரியல் இரண்டு மடங்கு, தினமும் முட்டையோ சுண்டலோ.

தினமும் எடை பார்ப்பதை நிறுத்தவில்லை, பார்க்கும் விதத்தை மாற்றினேன். ஐந்தாவது மாதத்தில் ஒரு வாரம் காலண்டரில் இப்படி இருக்கிறது: 76.9, 76.4, 77.3, 76.8, 76.2, 76.5, 77.0. முதல் நாளையும் ஏழாம் நாளையும் மட்டும் பார்த்தால் 100 கிராம் ஏறியிருக்கிறது. ஏழையும் கூட்டி வகுத்தால் 76.7. அதற்கு முந்தைய வாரத்துச் சராசரி 77.1. நிஜத்தில் 400 கிராம் இறங்கியிருக்கிறது. மூன்றாம் நாள் 77.3 வந்ததற்கு முந்தின ராத்திரி வத்தக்குழம்பு காரணம். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஒரு கிலோ கூடுவதும் சாதாரணம்தான்.

கிலோவோடு இடுப்புச் சுற்றளவையும் மாதம் ஒருமுறை எழுதுங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90, அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பது நம் மருத்துவர்கள் வைத்திருக்கும் கோடு. முள் நின்றுபோன மாதங்களிலும் என் டேப் ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. கிலோ குறையாவிட்டாலும் பலன் உண்டு என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் அவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் நீரிழிவு வந்தது, எந்த மாற்றமும் செய்யாதவர்களில் 55 சதவீதம் பேருக்கு வந்தது.

முதல் 6 கிலோ குறைய 5 மாதம் ஆனது, அடுத்த 5 கிலோவுக்கு 9 மாதம். 72-இல் வந்து நின்றது. பண்டிகை மாதங்களுக்கு எனக்கு இலக்கு ஒன்றுதான்: ஏறாமல் இருந்தால் போதும். போன தீபாவளி வாரத்துக் கட்டங்களில் பால் கணக்கு மட்டும் இருக்கிறது. அடுத்த வாரம் 72.4. அதற்கு அடுத்த வாரம் 71.9.